ஏப்ரல் 24 முதல் 29 வரை: கடலூரும் புதுச்சேரியும் சேர்ந்து ஒரு வாசிப்பு வாரம் நடத்தினால் என்ன?

கெடிலக்கரை (கடலூர்):

நாட்காட்டியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 24 ஜெயகாந்தன், 1934, கடலூர். ஏப்ரல் 25 புதுமைப்பித்தன், 1906, திருப்பாதிரிப்புலியூர். ஏப்ரல் 27 பிரபஞ்சன், 1945, புதுச்சேரி. ஏப்ரல் 29 பாரதிதாசன், 1891, அதே புதுச்சேரி. ஒரே வாரம், பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம், நான்கு எழுத்தாளர்களின் பிறந்தநாள். இப்படி வாய்த்த ஊர்ப்பக்கம் தமிழில் வேறு இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் இந்த வாரம் வந்து போவது நமக்குத் தெரிகிறதா? 29 அன்று புதுச்சேரியில் அரசு விழா, சிலைக்கு மாலை. அது நடக்கட்டும், நல்லதுதான். பிரபஞ்சனை அவருடைய வாசகர்கள் எங்காவது ஓர் அறையில் கூடி நினைத்துக்கொள்வார்கள். கடலூரில் 24-ம் 25-ம் பெரும்பாலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸோடு சரி. அதைப் பார்த்துவிட்டும் பாதிப் பேர் "ஜெயகாந்தன் நம்ம ஊரா?" என்று கேட்கிறார்கள்.

நடுவில் முள்ளோடை. எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு அரசு, வேறு கலை பண்பாட்டுத் துறை, வேறு அழைப்பிதழ். அங்கே நடப்பது இங்கே தெரிவதில்லை; இங்கே நடப்பது இங்கேயே தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் அந்தச் சோதனைச்சாவடியைத் தாண்டி என்னென்னவோ வருகிறது. புத்தகம் மட்டும் வருவதில்லை.

என் யோசனை இவ்வளவுதான். நான்கு மாலைகள். முதல் இரண்டு கடலூரில், அடுத்த இரண்டு புதுச்சேரியில். சொற்பொழிவு கிடையாது, பொன்னாடை கிடையாது. அன்றைக்கு யாருடைய நாளோ அவர் எழுதியதை எடுத்துச் சத்தமாக வாசிப்பது. கேட்பது. வீட்டுக்குப் போவது. என்ன சொல்கிறீர்கள்?

பெருமாள் கோயில் வீதி:

ஆதரவு. ஒரு தகவல் சேர்க்கிறேன். பாரதிதாசன் இறந்ததும் ஏப்ரலில்தான், 1964 ஏப்ரல் 21. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். 2025-இல் தமிழ்நாடு அரசு ஏப்ரல் 29 முதல் மே 5 வரை தமிழ் வாரம் என்று அறிவித்தது, பாவேந்தர் பிறந்தநாளை வைத்துத்தான். ஆக, நீங்கள் சொல்லும் வாரம் முடிகிற இடத்தில் அரசின் வாரம் தொடங்குகிறது. மாவட்ட நூலகத்தில் இடம் கேட்கும்போது இதைச் சொன்னால் கதவு கொஞ்சம் எளிதாகத் திறக்கும்.

நெல்லைச்சீமை (இப்போது இலாசுப்பேட்டை):

யோசனை நல்லது. ஆனால் புதுமைப்பித்தனைக் கடலூர்க்காரர் ஆக்குவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அவருடைய அப்பா சொக்கலிங்கம் பிள்ளை அரசு வேலையில் இருந்தவர். மாற்றல் மாற்றலாகப் போன ஊர்களில் ஒன்றில் பிள்ளை பிறந்தது. செஞ்சி, கள்ளக்குறிச்சி, திண்டிவனம் என்று சுற்றிவிட்டு அப்பா ஓய்வு பெற்றதும் குடும்பம் திருநெல்வேலிக்கே திரும்பிவிட்டது. படிப்பு அங்கே, பேச்சு அங்கே, கதையில் வரும் பிள்ளைமார் அத்தனை பேரும் தாமிரபரணித் தண்ணீர். உங்கள் ஊரில் அவர் எழுதிய ஒரு வரி உண்டா? பிரசவ ஆஸ்பத்திரி இருக்கும் ஊரெல்லாம் இலக்கிய ஊர் ஆகிவிடுமா?

ஓ.டி. ஹார்பர்:

ஆஹா, ஆரம்பிச்சாச்சு.

கெடிலக்கரை:

நெல்லைச்சீமை அண்ணாச்சிக்கு வணக்கம். சரி, பிறந்த ஊர் கணக்கில் வராது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நீங்கள் இப்போது குடியிருக்கும் இலாசுப்பேட்டையில் இருந்துகொண்டே எழுதிய கி.ரா. யாருடையவர்? இடைசெவலில் பிறந்தவர், 1989-இல் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து 2021 மே 17-இல் கண்மூடும் வரை புதுச்சேரியில் இருந்தார். பாரதி எட்டயபுரத்துக்காரர், 1908 முதல் 1918 வரை பத்து வருஷம் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதிப் பக்கத்தில் இருந்துதான் பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு மூன்றையும் எழுதினார். எழுதிய ஊர்தான் சொந்தம் என்றால் இருவரையும் புதுச்சேரிக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிடலாமா? தூத்துக்குடி மாவட்டக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

எனக்கு இதில் தெரிவது வேறு. கடலூர் பெற்று அனுப்பிவிடும் ஊர். புதுச்சேரி வந்தவரை வைத்துக்கொள்ளும் ஊர். அதற்குக் காரணம் ரொம்ப நாள் பிரெஞ்சு எல்லைதான். பிரிட்டிஷ் போலீஸ் கை நீள முடியாத இடம் என்பதால் பாரதி வந்தார். 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்தார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. நம் ஊரில் கோர்ட், கலெக்டர் ஆபீஸ், சிறை. சிறுவன் ஜெயகாந்தன் பள்ளிப்படிப்பை அஞ்சாம் வகுப்போடு விட்டுவிட்டு விழுப்புரம், அப்புறம் சென்னை என்று போய்விட்டார். போனவர்களை வருஷத்துக்கு ஒரு நாளாவது திரும்பக் கூப்பிடலாம் என்கிறேன்.

ஓ.டி. ஹார்பர்:

சிறை என்று சொன்னீர்களே, அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். கடலூரும் புதுச்சேரியும் இலக்கியத்தில் சந்தித்த இடம் அதுதான். முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11-இல் முடிந்தது. இனி என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று பாரதி நவம்பர் 20 அன்று புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கைது. கடலூர்ச் சிறையில் வைத்திருந்து டிசம்பர் 14-இல்தான் விட்டார்கள். அன்னிபெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர், சுதேசமித்திரன் ரங்கசாமி ஐயங்கார் எல்லாம் பேசின பிறகு. அங்கிருந்து கடையம் போனார்.

நாம் தினமும் ஹெட்போன் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டே கடக்கும் அதே சாலை. கன்னியகோயில், முள்ளோடை, ரெட்டிச்சாவடி. ஏப்ரலோடு சேராது, தெரியும். நவம்பர் 20-க்குத் தனியாக ஒரு நடை வைக்கலாம். அப்போது மழை. குடை கொண்டுவர வேண்டும்.

முந்திரிக்காடு (விருத்தாசலம் பக்கம்):

இழை முழுவதும் படித்தேன். கடலூர் மாவட்டம் என்றால் உங்களுக்குக் கடற்கரையோடு முடிந்துவிடும் போலிருக்கிறது. "கடலூர் பெற்று அனுப்பிவிடும் ஊர்" என்கிறீர்கள். எங்கேயும் போகாமல் இங்கேயே இருந்து எழுதுகிறவர்கள் உங்கள் கண்ணில் படவில்லையா?

இமையம் இந்த மண்ணில் ஆசிரியராக இருந்துகொண்டே எழுதி 2020-க்கான சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். கண்மணி குணசேகரன் மணக்கொல்லையை விட்டுப் போகவில்லை. முந்திரிக்கொல்லையிலும் சவுக்குத் தோப்பிலும் புழங்குகிற சொற்களைப் பொறுக்கி 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்று ஒரு அகராதியே போட்டார். தனி ஆளாக. ஒரு பல்கலைக்கழகத் துறை செய்ய வேண்டிய வேலை அது. பழமலயின் 'சனங்களின் கதை' வந்தபோது கவிதையில் எங்கள் பாட்டன் பூட்டன் பேசுவதைப் படித்து வாயடைத்துப் போனவர்கள் நாங்கள். தங்கர் பச்சான் பத்திரக்கோட்டைப் பலாமரத்தையும் முந்திரியையும் கதைக்குள் கொண்டுவந்தார். இவர்கள் யாருக்கும் ஏப்ரல் கடைசி வாரத்தில் பிறந்தநாள் இல்லை என்பதால் பட்டியலில் இடம் இல்லை, அப்படித்தானே?

பிறந்தநாள் கணக்கு சோதிடருக்குச் சரி.

கெடிலக்கரை:

தோழர், கோபம் நியாயம். ஆனால் நான் பட்டியல் போடவில்லை, நாள் பார்த்தேன். உயிரோடு இருக்கிறவர்களுக்கு நினைவு வாரம் எதற்கு? அவர்களை வாசகராகக் கூப்பிடலாம். 24 அன்று ஜெயகாந்தன் கதையை நடுநாட்டு எழுத்தாளர் ஒருவர் வாசித்தால் எப்படி இருக்கும், யோசியுங்கள்.

முந்திரிக்காடு:

அது சரி. அதற்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விருத்தாசலத்திலிருந்து வருகிறவர்களுக்குத் திரும்பிப் போக பஸ் இருக்கும் நேரத்தில் முடியுங்கள்.

சுண்ணாம்பாறு:

நான்கு பேரும் ஆண்கள். அதை இதுவரை ஒருவரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் சொல்லவில்லை. ஊருக்குப் பிள்ளை பெற்றுக் கொடுத்தது யார் என்று பேசுகிற இழையில் பெண்ணே இல்லை!

மாலதி மைத்ரி புதுச்சேரிக்காரர். அவருடைய முதல் தொகுப்பின் பெயரே 'சங்கராபரணி'. பாண்டியிலிருந்து கடலூர் பஸ் ஏறினால் நோணாங்குப்பம் பாலத்தில் கடப்பது அந்த ஆற்றைத்தானே. விருத்தாசலத்தில் ஆசிரியராக இருந்து எழுதிய சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' ஆடு மேய்க்கிற குடும்பங்களைப் பற்றியது. 26-ம் 28-ம் காலியாகத்தானே இருக்கின்றன? பிறந்தநாள் இல்லாத அந்த இரண்டு மாலைகளையும் பெண்கள் எழுதியதற்கு விடுங்கள்.

அப்புறம் முந்திரிக்காடு சொன்ன பஸ் விஷயம் எங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். "இலக்கியக் கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லை" என்று மேடையில் வருத்தப்படுகிறவர்கள் கூட்டத்தை ஒன்பதரைக்கு முடிக்கிறார்கள். ஐந்துக்குத் தொடங்கி ஏழுக்கு முடித்துப் பாருங்கள், வருகிறோமா இல்லையா என்று தெரியும்.

கெடிலக்கரை:

26, 28 யோசனை அருமை. ஏற்றுக்கொண்டேன். ஏழு மணி, கறாராக.

சங்கத்துப் பழையவர்:

நான் ஒரு சிறிய இலக்கிய அமைப்பைப் பல வருஷம் ஓட்டியவன். பெயர் வேண்டாம். எல்லோரும் பொன்னாடையைக் கேலி செய்கிறீர்கள். ஒரு கூட்டம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். மண்டபம் இலவசமாகக் கிடைத்தாலும் காவலாளிக்குக் கொடுக்க வேண்டும். மைக் செட், நாற்காலி, டீ, போண்டா. வெளியூர் எழுத்தாளர் வந்தால் போக்குவரத்து, ஒரு இரவு அறை. இதை யார் தருகிறார்கள்? பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு நல்ல மனிதர், ஒரு டாக்டர், ஒரு பள்ளித் தாளாளர். அவர்கள் கதை படிப்பவர்கள் இல்லை. ஆனாலும் தருகிறார்கள். அவர்களுக்கு நாம் திருப்பித் தரக்கூடியது அழைப்பிதழில் "முன்னிலை" என்று ஒரு வரியும் தோளில் ஒரு துண்டும்தான். அதையும் பிடுங்கிவிட்டால் அடுத்த வருஷம் அவர் கோயில் திருவிழாவுக்குக் கொடுத்துவிட்டுப் போவார். அங்கே மரியாதை உண்டு.

அனுபவத்தில் சொல்கிறேன், கடைசியில் மிஞ்சும் பத்துப் பேரில் ஐந்து பேர் மேடையில் இருப்பார்கள். மேடையை எடுத்துவிட்டால் மீதி எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பெருமாள் கோயில் வீதி:

ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த "முன்னிலை" பட்டியல்தான் கூட்டத்தைச் சாகடிக்கிறது. நான் போன ஒரு நினைவு நாள் விழாவில் வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை உரை, வாழ்த்துரை எட்டு. சிறப்புப் பேச்சாளர் மைக்கைப் பிடிக்கும்போது எட்டேகால் ஆகிவிட்டது. யாருடைய விழாவோ அவருடைய ஒரு வரி கூட அன்று யார் வாயிலிருந்தும் வரவில்லை. வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் வருகைப்பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். நானும் அவர்களோடு நழுவியிருக்க வேண்டும்.

புதுச்சேரிக் கம்பன் விழாவைப் பாருங்கள். மே மாதம் கம்பன் கலையரங்கத்தில் வருஷந்தோறும் நடக்கிறது, அங்கேயும் மாலை மரியாதை எல்லாம் உண்டு. ஆனால் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. காரணம், பட்டிமண்டபமோ வழக்காடு மன்றமோ, கடைசியில் பாட்டு காதில் விழுகிறது. சனம் கேட்க வருவது அதைத்தான்.

சங்கத்துப் பழையவர்:

கம்பன் விழாவுக்கு இருக்கும் பின்பலம் நமக்கு ஏது தம்பி? சரி, நடுவழி சொல்கிறேன். செலவு கொடுத்தவரை மேடையேற்ற வேண்டாம். முதல் பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். பாத்திரக்கடைக்காரர் ஜெயகாந்தனை ஒரு பத்தி வாசிக்கட்டும். வீட்டில் இரண்டு தடவை ஒத்திகை பார்த்துவிட்டு வருவார். மனைவி மக்களையும் கூட்டிக்கொண்டு வருவார்.

சுண்ணாம்பாறு:

இது பொன்னாடையை விட நல்ல மரியாதை ஐயா. நான் வழிமொழிகிறேன்.

பழைய கோர்ட் ரோடு:

ஒரு சட்டக் குறிப்பு, யாராவது கேட்பதற்கு முன்னால். இந்தியாவில் பதிப்புரிமை எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை. புதுமைப்பித்தன் 1948-இல் இறந்தவர், அவர் எழுத்தை முழுதாக வாசிக்கலாம். பாரதிதாசனிலும் சிக்கல் இல்லை. ஜெயகாந்தன் 2015, பிரபஞ்சன் 2018 டிசம்பர் 21. இருவர் எழுத்துக்கும் உரிமை இருக்கிறது. பதிப்பான நூலிலிருந்து நியாயமான அளவு ஒரு பகுதியைப் பொது இடத்தில் வாசிப்பதைச் சட்டமே அனுமதிக்கிறது. முழுக் கதையையும் வாசிப்பது, அதைப் பதிவு செய்து யூடியூப்பில் ஏற்றுவது வேறு சங்கதி. அதற்குக் குடும்பத்தாரிடமோ பதிப்பகத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். கேட்காமல் செய்தால்தான் மனக்கசப்பு.

கெடிலக்கரை:

நன்றி சார். இது தெரியாமல் இறங்கியிருப்போம்.

இப்போது என்ன வாசிப்பது என்று பேசலாம். 24-க்கு எனக்குச் சந்தேகமே இல்லை. 'யுகசந்தி'. நெல்லைச்சீமை அண்ணாச்சி "உங்கள் ஊரில் எழுதிய வரி உண்டா" என்று கேட்டாரே. ஜெயகாந்தன் சின்ன வயதிலேயே போய்விட்டார், உண்மை. ஆனால் அந்தக் கதையில் கௌரிப் பாட்டி நெய்வேலியிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிறாளே, அது நம் ஊர். கெடிலத்துப் பாலம். பேத்தி கீதா விதவை, ஆசிரியை, மறுமணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று கடிதம் எழுதியிருக்கிறாள். வீடே எதிர்க்கிறது. பாட்டியும் விதவைதான், அந்தக் காலத்து விதவை. அவள் எடுக்கும் முடிவு என்ன என்று படிக்காதவர்களுக்குச் சொல்ல மாட்டேன். இந்தக் கதையை மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து கேட்பதும் சென்னையில் உட்கார்ந்து கேட்பதும் ஒன்றா?

ஓ.டி. ஹார்பர்:

பாலத்துப் பக்கத்திலேயே வைத்தால் கொசு தூக்கிக்கொண்டு போய்விடும் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

நெல்லைச்சீமை:

'யுகசந்தி' வாதம் பலமான வாதம். ஒப்புக்கொள்கிறேன். புதுமைப்பித்தனுக்கு அப்படி ஒரு கதையை நீங்கள் காட்ட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

ஆனால் 25 அன்று யாரோ ஒருவர் புதுமைப்பித்தனைச் செய்தி வாசிப்பதுபோல் வாசித்து வைத்தால் என்னால் தாங்க முடியாது. அந்த உரையாடலுக்கு ஓர் ஏற்ற இறக்கம் இருக்கிறது. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சென்னையில் நடக்கிற கதைதான், ஆனால் அதன் நக்கல் எங்கிருந்து வருகிறது என்று காதுள்ளவனுக்குத் தெரியும். பிள்ளைவாள் கடவுளிடம் சந்தா கேட்கிற இடத்தை ராகம் தெரிந்து வாசிக்க வேண்டும்.

கெடிலக்கரை:

அப்படியானால் நீங்களே வாசியுங்கள் அண்ணாச்சி. 25-ஆம் தேதி, திருப்பாதிரிப்புலியூர். அப்பர் கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் மிதந்து வந்து கரையேறிய ஊர். உங்கள் ஆளும் இங்கே ஒரு சாயங்காலம் ஒதுங்கட்டும்.

நெல்லைச்சீமை:

வாசிக்கிறேன். ஆனால் அழைப்பிதழில் "கடலூர் எழுத்தாளர் புதுமைப்பித்தன்" என்று போட்டால் வர மாட்டேன்.

தேவனாம்பட்டினம் அலை:

தேதியைப் பார்த்ததும் தோன்றியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். எங்கள் ஊரில் பெரிய போட்டுகள் கரையில் நிற்கும், ஆண்கள் வலை பின்னிக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். வருஷத்தில் சாயங்காலம் ஓய்வாக இருக்கிற காலம் அதுதான். மண்டபத்துக்குள் புழுங்குவதை விட ஒரு மாலையைச் சில்வர் பீச் பக்கம் வையுங்கள், காற்றாவது வரும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் பரீட்சை முடிந்திருக்கும். காற்று இரைச்சலில் மைக் கேட்காது என்பார்கள். எங்கள் ஊர்ப் பெண்களை வாசிக்கச் சொல்லுங்கள், மைக்கே வேண்டாம்.

பெருமாள் கோயில் வீதி:

புதுச்சேரிப் பக்கத்துக்கு என் யோசனை. 27 அன்று பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' நாவலிலிருந்து ஒரு பகுதி, அதன் பக்கத்திலேயே ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பிலிருந்து ஒரு நாள். பிள்ளை 1736-இல் எழுதத் தொடங்கி 1761-இல் சாகும்வரை எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். யார் வந்தார், யார் எவ்வளவு கொடுத்தார், யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார் என்று அத்தனையும் இருக்கிறது. அதிலிருந்து பிரபஞ்சன் எதை எடுத்துக்கொண்டார், பிள்ளை கண்ணில் படாத எந்த எளிய மனிதர்களை உள்ளே கொண்டுவந்தார் என்பது இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் விளங்கிவிடும். உரையே தேவையில்லை.

29-க்குப் பாட்டுத்தான். காலையில் அரசு விழா இருக்கும், நாம் மாலையில் வைத்துக்கொள்ளலாம். பாவேந்தர் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளி வாத்தியாராக இருந்தவர். பள்ளிப் பிள்ளைகளை விட்டுப் பாடச் சொல்வோம். அவரிடம் படித்த வாணிதாசனையும் சேர்க்கலாம், பாகூர்ப் பக்கம் சேலியமேட்டுக்காரர், கடலூர் போகிற வழிதான். தமிழ்ஒளியை விடவே கூடாது: 1924-இல் கடலூர்ப் பக்கம் ஆடூரில் பிறந்து புதுச்சேரியில் வளர்ந்தவர். எல்லைக்கு இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடலாம், சண்டை வராது.

முந்திரிக்காடு:

சண்டை வராது என்று நீங்களாகவே சொல்லிக்கொள்ளாதீர்கள்.

கெடிலக்கரை:

சரி, இதுவரை தேறியது. 24 மஞ்சக்குப்பம், 'யுகசந்தி', நடுநாட்டு எழுத்தாளர் ஒருவர் வாசிப்பார். அவரை அழைக்கும் வேலை முந்திரிக்காடு தோழருடையது. அனுமதிக் கடிதத்தைப் பழைய கோர்ட் ரோடு சார் எழுதித் தருவதாகத் தனிச்செய்தியில் சொல்லியிருக்கிறார். 25 திருப்பாதிரிப்புலியூர், நெல்லைச்சீமை. 26 தேவனாம்பட்டினம் கடற்கரை, பெண்கள் எழுதியதைப் பெண்கள் வாசிப்பது, பொறுப்பு சுண்ணாம்பாறும் அலையும். 28-ம் அதேபோல் புதுச்சேரியில். 27-க்கும் 29-க்கும் இடம் பார்ப்பது பெருமாள் கோயில் வீதி. எல்லா நாளும் ஐந்து முதல் ஏழு. பிளக்ஸ் கிடையாது.

பாக்கி இருப்பது பணம். சங்கத்துப் பழையவர் ஐயா, அந்தப் பாத்திரக்கடைக்காரரிடம் எப்போது போகலாம்?

சங்கத்துப் பழையவர்:

வெள்ளிக்கிழமை வேண்டாம், கடையில் கூட்டம் இருக்கும். செவ்வாய் பதினோரு மணிக்கு வாருங்கள். கதைப் புத்தகத்தையும் கொண்டுவாருங்கள், அவர் வாசிக்க வேண்டிய பத்தியைப் பென்சிலில் கோடு போட்டு. எழுத்து பெரிதாக இருக்கும் பதிப்பாகப் பாருங்கள், கண்ணாடி போடக் கூச்சப்படுவார்.